அமுதாவின் செல்களுக்குச் சோறு

எங்கள் ஆய்வகத்தில் செல் வளர்க்கும் அறையில் கையுறை மாட்டிய பிறகு யாரும் போனைத் தொடுவதில்லை. அது அமுதா போட்ட சட்டம். ஊரெல்லாம் சுற்றிய போனைத் தொட்ட கை உள்ளே வந்தால் செல்கள் கெட்டுப்போகும். அதனால் அன்று காலை என் கோட்டுப் பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தபோதும், வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அழைத்தவர் அமுதாவின் கணவர் தேவராஜ். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் ஓட்டுகிறவர். திருப்பிக் கூப்பிட்டபோது, "மேடம், அமுதா பூட்டா மேடம்" என்றார். போன் அடித்த நேரத்தில் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தது அமுதாவின் செல்களுக்குத்தான்.

அம்பத்தூரில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காசநோய்க் கிருமி, தன்னை விழுங்க வரும் ரத்த அணுவுக்குள்ளேயே குடியேறிவிடும். அங்கே எதிர்ப்புக்கான மரபணுக்களை அது அழிப்பதில்லை. வேலை செய்யவிடாமல் மூடி வைக்கும். "வீட்டை இடிக்க மாட்டான். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வெச்சுப்பான்" என்பார் அமுதா. கிருமி செத்து நோய் குணமான பிறகாவது கட்டை திரும்ப மாட்டப்படுகிறதா? அவருடைய ஆராய்ச்சி முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

கல்லூரிக் காலத்தில் அவருக்கே காசநோய் வந்து குணமாகியிருந்தது. குணமானவர்களிடம் ரத்தம் கேட்டு அலைந்தபோது, முறையாக அனுமதி வாங்கித் தன் கையையும் நீட்டினார். உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "ஊரார் ரத்தத்தைக் கேக்குறோம், நம்ம ரத்தம் மட்டும் உசத்தியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குத் தெரிஞ்சுக்கணும்டி. அவன் போயிட்டான், சரி. கட்டையைக் குடுத்துட்டுப் போனானா?" என்றார்.

அந்த ரத்தத்திலிருந்து பிரித்துத் தட்டுகளில் வைத்த செல்களின் சத்து நீரை மாற்றுவதற்கு அவர் வைத்த பெயர்தான் சோறு. கொரட்டூர் ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் நின்ற மழையில், நெமிலிச்சேரி வீட்டிலிருந்து கிளம்பி, கிடைத்த ரயிலைப் பிடித்து, மிச்சத்தை நடந்தே வந்து சேர்ந்தார். லீவு போட்டிருக்கலாமே என்றேன். "வயித்துக்கு லீவு உண்டா?" என்று புடவையைப் பிழிந்தார்.

அவரைக் கொண்டுபோனது காசநோய் அல்ல. சாதாரண நெஞ்சுச் சளி. தேவராஜுக்கு முதலில் வந்தது. அவர் கஷாயம் குடித்துவிட்டு பஸ் எடுக்கப் போய்விட்டார். அமுதாவுக்கு அது நிமோனியாவாக இறங்கியது. மருத்துவமனையில் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி அவர் என்னிடம் கேட்டது, "சோறு போட்டியா?" என்றுதான்.

காரியம் முடிந்த பிறகு சோதனையைச் செய்தோம். செத்த கிருமியைச் செல்களின்மேல் விட்டு, எந்த மரபணு விழிக்கிறது என்று பார்த்தோம். மற்றவர்களில் சிலருக்கு விழித்தது. அமுதாவுக்கு விழிக்கவில்லை. "ஒரு ஆளை வெச்சுக் கதை கட்டாதே" என்று அவர் திட்டுவார். நான் கட்டவில்லை. ஆனால் எனக்கு ஆறவில்லை. இத்தனை வருடம் கேட்ட ஒரு கேள்விக்கு இந்தப் பதில்தானா?

அமுதாவின் சாமான்களை எடுத்துப்போக வந்த தேவராஜ் கேட்டார்: "அது தொறந்துக்கிச்சா மேடம்? சொல்லிக்கினே இருப்பா."

பொய் வாய்வரை வந்தது. "இல்லைங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். "அவ ரத்தம் மிச்சம் எதுனா கீதா?"

"ஒரு தட்டு செல் இருக்கு."

"உசுரோடயா?"

"உயிரோடதான்."

"அப்ப அவ இங்க கொஞ்சம் கீறா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து காலையில் வண்டி எடுக்கும் முன் கூப்பிடுகிறார். "சோறு வெச்சாச்சா மேடம்?" வேறொன்றும் கேட்பதில்லை.

சோதனை முடிந்தால் தட்டைக் கழித்துவிட வேண்டும். அமுதா இருந்தால் அன்றே கழித்திருப்பார். நான் வைத்திருக்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இந்தச் செல்கள் பெருகுவதில்லை. பழைய நீரை உறிஞ்சும்போதெல்லாம் செத்தவை சில அதோடு போய்விடுகின்றன. ஒருநாள் தட்டில் எதுவும் இருக்காது. அன்றைக்கும் தேவராஜ் கூப்பிடுவார்.