சாந்தாமணி குடித்த டீ

கிணத்துக்கடவுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுப்பவன் நான். அந்த மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுப்பவர் சாந்தாமணி. போகிற இடத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார். கிடைப்பது சொற்பம். தன்னார்வலர் என்ற பெயர் மட்டும் பெரிது.

அவருக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த அம்மாள், தென்னந்தோப்பு வைத்திருக்கும் தோட்டக்காரர் வீடுகளில் உட்கார்ந்து பேசுவார். காலனிக்குப் போனால் வாசலிலேயே நின்றுகொள்வார். யாராவது டீ நீட்டினால், "எனக்குச் சர்க்கரைங்க, ஆகாதுங்க" என்பார். அதே அம்மாள் தோட்டத்து வீட்டில் ஜாங்கிரி தின்றதைக் காலனிப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கே களை எடுத்துக்கொண்டிருந்ததே அவர்கள்தான். யாரும் சண்டைக்குப் போகவில்லை. அந்த அம்மாள் கொடுத்த மாத்திரைகளை மரியாதையாக வாங்கி, வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார்கள். தென்னைகளுக்குச் சர்க்கரை நோய் இருந்திருந்தால் குணமாகியிருக்கும்.

சாந்தாமணியும் தோட்டக்காரச் சாதிதான். முதல் நாள், தேங்காய்க் களத்தில் மட்டை பொறுக்கும் மாராத்தாள் சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினார். சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது. சாந்தாமணி கட்டிலில் உட்கார்ந்து, வாய் வைத்துக் குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்களாக்கா?" என்றார். காலனியின் கதவுகள் திறந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர்களின் டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். குறைந்தால் வீட்டுக்கே குறை. அப்படி வீட்டுக்கு ஒரு டீ, வருடக்கணக்காக. சாந்தாமணி எதையும் மறுக்கவில்லை.

ஒருநாள் செருப்புக் கடித்த கால்விரல் புண்ணோடு என்னிடம் வந்தார். ஆறவே மாட்டேன் என்கிறதாம். சோதித்துப் பார்த்தேன். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரையைக் கையில் கொடுத்து, டீயை நிறுத்தச் சொன்னேன்.

"அந்தம்மா சொன்ன வார்த்தையவே நானும் போய்ச் சொல்லட்டுங்களா?" என்றார். "நெசமாச் சொன்னாலும் பொய்யாத்தானுங்க கேக்கும்."

"கால எடுத்துட்டா எதுல நடந்து போவீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

விரல் கறுத்தது. இனியும் விட்டால் காலே போகும் என்றார் டாக்டர். நடக்க முடியாத நிலையிலும் சாந்தாமணி, "காலனிக்கு மட்டும் கொண்டுபோய் விடுங்க, இன்னைக்கு மாத்திரை நாளுங்க" என்றார். என் வண்டியில்தான் கூட்டிப் போனேன்.

மாராத்தாள் வழக்கம்போல டீயை நீட்டினார். சாந்தாமணி வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குச் சர்க்கரை இருக்குதுங்கக்கா" என்றார்.

மாராத்தாளின் முகம் மாறியது. டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அந்தம்மாளும் இதையேதான் சொன்னாங்க. மெஷின எடுங்க. எங்கண்ணு முன்னால குத்துங்க, பாக்கலாம்."

சாந்தாமணி பையிலிருந்து மெஷினை எடுத்துத் தன் விரலைக் குத்திக்கொண்டார். மாதாமாதம் தன் எண்ணைப் பார்த்துப் பழகிய மாராத்தாள், அதைவிடப் பெரிய எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தன வெச்சுக்கிட்டா எங்கூட்டு டீயக் குடிச்சீங்க?"

"மொகத்துக்கு நேரா வேண்டாம்னு எப்படிங்கக்கா சொல்றது?"

"மாத்திரையாச்சும் போடறீங்களா?"

"இல்லீங்க. சோத்து நேரத்துக்கு இங்கதான இருக்கறேன், நான் முழுங்கறதப் பாத்துப்போட்டு ஆராச்சும் கேட்டா என்ன சொல்றதுன்னு..."

மாராத்தாள் உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். திறந்தால், சாந்தாமணி கொடுத்த மாத்திரைகள் அட்டை அட்டையாக, பிரிக்காமல் கிடந்தன. "நானுந்தானுங்க அம்மணி. சாப்பிடறேன் சாப்பிடறேன்னு சொல்லிப்போட்டேன். முழுங்குனா வயித்தப் பொரட்டுது. பாவம், வெயில்ல நடந்து வாரீங்க. மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது?"

மாராத்தாளுக்குச் சர்க்கரை குறையவே இல்லையே என்று டாக்டரிடம் சொல்லிச் சொல்லி மாத்திரையைக் கூட்டி வாங்கிக் கொடுத்தவன் நான். இவ்வளவு மரியாதையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சாகக் கிடந்திருக்கிறார்கள்.

சாந்தாமணிக்கு ஒரு கால்விரல் போயிற்று. கால் தப்பியது. மாராத்தாளுக்கு வயிற்றைப் புரட்டாத மாத்திரையாக டாக்டர் மாற்றிக் கொடுத்தார்.

இப்போதும் சாந்தாமணி காலனிக்குப் போகிறார். அதே டம்ளரில் சர்க்கரை போடாத டீ வருகிறது. ஆனால் சாந்தாமணி தன் மாத்திரையைப் போடாமல் மாராத்தாள் சோதனைக்கு விரலை நீட்டுவதில்லை. போட்டால் மட்டும் போதாது. "வாயத் தொறந்து காட்டுங்க அம்மணி" என்கிறார். தாங்கள் இருவரும் எவ்வளவு மரியாதையாகப் பொய் சொல்லக்கூடியவர்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன?