ஓரத்துப் பிள்ளைக்கு ஒரு லென்ஸ்

எங்கள் வீட்டில் லென்ஸைத் தேர்ந்தெடுத்தவள் தையல்காரியான என் மனைவி. இருபது வருஷமாகக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறவன் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட வேண்டும். கூச்சமெல்லாம் பட்டு முடித்தாயிற்று. இப்போது யாராவது என்னிடம் லென்ஸ் வாங்க யோசனை கேட்டால், "கொஞ்சம் இரு, உள்ள கேட்டுகினு வரேன்" என்று திரையை விலக்குகிறேன்.

ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் எங்களுக்கு ஒரே அறை. முன்பாதி என் ஸ்டூடியோ, பின்பாதி அவள் தையல் கடை, நடுவில் ஒரு துணித் திரை. இந்தப் பக்கம் ஒருவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் மிஷின் கடகடவென்று ஓடும். வருஷத்தில் இரண்டு மாதம் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கப் போகிற பெண் பிள்ளைகளுக்குப் புதுநன்மைக் கவுன் தைப்பாள். ஹார்பர்காரர் வீட்டுப் பிள்ளை, ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளை, காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை, எல்லோருக்கும் அவள் கைதான். எந்தக் கவுனாக இருந்தாலும் கீழே உள்பக்கமாக நாலு விரல் துணியை மடித்து அடித்துவிடுவாள். அடுத்த தங்கைக்குப் போடும்போது பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயதில் புதுநன்மை. பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கோயில் படிகளில் நிறுத்தி குரூப் போட்டோ எடுப்பது வழக்கம். குட்டைப் பிள்ளைகள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். அந்தப் படம் வீட்டுக்கு ஒன்று வரும். மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். பிள்ளை கல்யாணமாகிப் போன பிறகும் இறக்க மாட்டார்கள். என் மகள் வயதுக்கு மீறிய உயரம். கடைசி வரிசையில் வலது கோடியில் நிறுத்தினார்கள். எடுத்தவர் வேறொரு போட்டோகிராபர். படம் வந்தது. நடுவில் இருந்த ஃபாதரின் அங்கியில் பொத்தான் பொத்தானாக எண்ணலாம். வலது கோடியில் என் மகளின் முகம் ஈரத்துணி பட்ட கோலம் மாதிரி இழுபட்டுக் கிடந்தது. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

"இன்னாயா இது? நம்ம பொண்ணாயா?" என்றாள் என் மனைவி.

மகள் தலையைக் குனிந்துகொண்டு, "நான் அசஞ்சிட்டேன் போல கீதும்மா" என்றாள்.

அவள் அசையவில்லை. லென்ஸ் மட்டமானது; மட்டமான லென்ஸில் நடுவில் நிற்கிறவர்கள் நன்றாக விழுவார்கள், ஓரத்தில் நிற்கிறவர்கள் கலங்கிப்போவார்கள். எடுத்துச் சொன்னேன். இடது கோடியில் நின்ற பையனையும் காட்டினேன், அவன் முகமும் அதே கதிதான். "அவனும் அசஞ்சிருப்பான்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் லென்ஸைக் குற்றம் சொன்னால் யார் நம்புவார்கள்? தப்பு தன்னுடையது என்று முடிவு கட்டிவிட்டாள்.

என் மனைவி அந்தப் படத்தை மாட்டவில்லை. "இந்த போட்டோவ ஒரு நாள் நாம எடுக்கணும்யா. ஓரத்துல நிக்கிறதும் ஒருத்தி பெத்த புள்ளதான்" என்றாள். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து நகர மாட்டாள்.

அந்தச் சூட்டோடுதான் பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்கு லென்ஸ் வாங்கப் போனோம். அப்போது என்னிடம் இருந்தது சின்ன சென்சார் கேமரா. சென்சார் என்றால் உள்ளே வெளிச்சம் வந்து விழுகிற தகடு. என்றைக்காவது பெரிய சென்சார் கேமரா, அதாவது ஃபுல் ஃபிரேம், வாங்க வேண்டும் என்று ஆசை. ஆசைக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கும். லென்ஸ் ஒன்றுதான் வாங்க முடியும். சின்ன சென்சாருக்கென்றே செய்த ஒரு லென்ஸ் மேல் எனக்குக் கண். எடை குறைவு, சின்ன அறையிலும் எல்லோரும் அடங்குவார்கள். முடிவோடுதான் போயிருந்தேன்; அவளைக் கூட்டிப் போனது துணைக்கு.

கடைக்காரர் பொறுமைசாலி. டீ கிளாஸைப் பில் தாளின் மேல் கவிழ்த்து வட்டம் போட்டார். "லென்ஸ் உள்ள விடற வெளிச்சம் இந்த மாதிரி வட்டமாத்தான் விழும் அண்ணே. சென்சார் அதுக்குள்ள உக்காரணும்." வட்டத்துக்குள் தீப்பெட்டியை வைத்தார். "சின்ன சென்சாருக்கு சின்ன வட்டம் போதும். பெரிய சென்சாருக்குச் செஞ்ச லென்ஸுன்னா வட்டம் பெருசு, வெயிட்டும் ஜாஸ்தி."

என் மனைவி தீப்பெட்டியைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் தன் பர்ஸை வைத்தாள். பர்ஸின் நாலு மூலையும் வட்டத்துக்கு வெளியே நின்றன. "நாளைக்கு இவரு பெரிய கேமரா வாங்கினா, இந்தச் சின்ன வட்டத்துக்கு இன்னா ஆவும்?"

"மூலையெல்லாம் இருட்டாப் பூடும்க்கா. இல்லன்னா கேமராவே ஓரத்த வெட்டிட்டு நடுவுல மட்டும் எடுக்கும்."

"ஓரத்த வெட்டிடுமா?" அவள் முகம் மாறியதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் ஆசைப்பட்ட லென்ஸ் இனி வீட்டுக்கு வராது. "சரி, பெரிய வட்டத்த இப்ப இவரு சின்ன கேமராவுல போட்டா?"

"வட்டத்தோட நடுவ மட்டும்தான் எடுத்துக்கும். எந்த லென்ஸ்லயும் நடுபாகம்தான் சுத்தம்."

"அப்ப ஓரத்துல நிக்கிற புள்ளையும் நடுவுல நிக்கிறா மாதிரிதான?"

கடைக்காரர் பேனாவை மூடி வைத்தார். "அக்கா, இத்தனை வருசமா நான் சுத்தி வளைச்சு சொல்லிகினு இருந்தத ஒரே வார்த்தைல சொல்லிட்டீங்க" என்றார்.

நான் விடவில்லை. பெரிய லென்ஸைச் சின்ன கேமராவில் போட்டால் பார்வை குறுகிவிடும், பத்துப் பேரை எடுக்க நான் பக்கத்து வீட்டுக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று சத்தம் போட்டேன். அவள் குரலையே உயர்த்தவில்லை. "வளர்ற புள்ளைக்கு நான் உள்ள துணி விட்டுத்தான தெக்கிறேன்? இப்போதைக்கு மடிச்சு வெச்சுக்கோ. கேமரா வளந்தா இறக்கி வுட்டுக்கலாம்" என்றாள். கடைக்காரர் பெரிய லென்ஸைப் பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் பெட்டியை அவள் மடியில் வைத்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஐந்து வருஷம் நான் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும். சொன்னபடியே ஆயிற்று. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. சுவரோடு சுவராக முதுகை ஒட்டினாலும் பெண்ணும் தாய்மாமனும்தான் அடங்குகிறார்கள். கடைசியில் எதிர்வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் மீன் வறுத்துக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு வாசல் வழியாக எடுத்தேன். காத்திவாக்கத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பின்னால் போ, பின்னால் போ என்று போய் முழங்கால் வரை சேற்றில் இறங்கினேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கத்தினால், "எட்டப் போய் எடு, கால் நல்லாத்தான கீது" என்பாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஐந்து வருஷத்தில் நான் எடுத்த ஒரு குரூப் போட்டோவிலும் ஓரத்தில் நின்றவர் முகம் கலங்கவில்லை. ஒரு கல்யாணத்தில் கோடியில் ஒதுங்கி நின்ற சமையல்காரர் தன் படத்தை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிப் போனார். அவளிடம் சொன்னேன். "பின்ன?" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவ்வளவுதான். அது என் யோசனையாக இருந்திருந்தால், எனக்கு இருக்கிற வாய்க்கு இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பேன்.

புதுநன்மைப் படம் எடுக்கிற வேலை மட்டும் கைக்கு வரவில்லை. வருஷா வருஷம் என் மனைவி ஃபாதரைப் போய்ப் பார்ப்பாள். பழைய போட்டோகிராபரே எடுப்பார். இந்த வருஷம் அவர் வெளியூர் போய்விட்டதால் வேலை எங்களுக்கு வந்தது. கோயிலின் பங்கு மன்றத்தில் மாட்டக் கதவளவு பெரிய பிரிண்ட் வேண்டும் என்றார் ஃபாதர். அதைச் சாக்காக வைத்து ஃபுல் ஃபிரேம் கேமராவும் வாங்கிவிட்டேன். கைக்கு வந்தது இரண்டு நாள் முன்னால்தான். "நம்ம லென்ஸ அதுல போட்டுப் பாத்தியா?" என்று அவள் கேட்டாள். "எல்லாம் எனக்குத் தெரியும்மே" என்றேன். போட்டுப் பார்க்கவில்லை.

அங்கேதான் சறுக்கினேன். கோயில் வாசலில் கால்வாய் வேலைக்குப் பள்ளம் தோண்டி, தகரம் அடித்துவிட்டார்கள். பின்னால் போக இடமில்லை. ஐந்து வருஷம் சுவரில் தேய்ந்த முதுகு என்னுடையது. அந்த லென்ஸ் என்றாலே அடங்காது என்பது உடம்பிலேயே ஊறிவிட்டது. பெரிய சென்சாரில் அதே லென்ஸின் வட்டம் முழுக்கத் திறந்துகொள்ளும், பார்வை அகன்றுவிடும் என்பது பாடமாகத் தெரிந்ததுதான். அன்று காலை அது மண்டையில் ஏறவில்லை. திருவொற்றியூரில் இருக்கிற என் தோஸ்திடம் போய் அகலமாக எடுக்கிற ஒரு வைட் லென்ஸை இரவல் வாங்கி வந்தேன். சின்ன கேமராவுக்குச் செய்தது; அதைப் புதுக் கேமராவில் மாட்டினேன்.

பிள்ளைகள் வெள்ளை வெளேரென்று, கையில் மெழுகுவர்த்தியோடு படிகளில் நின்றார்கள். எல்லோரும் அடங்கினார்கள். நாலைந்து தடவை தட்டினேன். "முடிஞ்சிது!" என்று நான் சொன்னதும் பிள்ளைகள் கலையத் தொடங்கினார்கள், மன்றத்தில் கேசரி காத்திருந்தது. கவுன்களைச் சரிசெய்துகொண்டிருந்த என் மனைவி நேராக வந்து, "காட்டு" என்றாள். வெயில் படாமல் முந்தானையால் திரையை மூடிக்கொண்டாள். முழுப் படத்தை அவள் பார்க்கவே இல்லை. வலது கோடிக்குத் தள்ளி, பெரிசாக்கினாள். அங்கே அக்காவின் கவுனை இறக்கிவிட்டுப் போட்டிருந்த ஓர் உயரமான பெண். முகம் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது.

கடைக்காரர் சொன்னதேதான், கேமரா ஓரத்தை வெட்டிவிட்டு, சென்சாரில் பாதிகூட இல்லாத நடு இடத்தில் மட்டும் எடுத்திருந்தது. இரவல் லென்ஸின் மட்டமான விளிம்பு அந்தப் பெண்ணின் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. இதைக் கதவளவுக்குப் பெரிசாக்கினால்?

"புள்ளைங்களா! ஒருத்தரும் கேசரி பக்கம் போவாதீங்க! அவங்கவங்க நின்ன படில ஏறு!" தையல் மிஷினுக்கு மேல் பேசிப் பழகின குரல். ஃபாதரே திரும்பி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டார். என்னிடம் திரும்பி, "நம்ம லென்ஸ எடு" என்றாள்.

"அதுல எல்லாரும் அடங்க மாட்டாங்கமே! பள்ளத்துலயா போய் நிக்கிறது?"

"போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். ஐந்து வரிசையும் அடங்கியது. இரண்டு பக்கமும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது. என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துளையைக் கொஞ்சம் சுருக்கி, மூலை மங்கலையும் போக்கி, ஆறு தடவை எடுத்தேன். அவள் மறுபடி முந்தானையைப் போர்த்தி வலது கோடியைப் பெரிசாக்கினாள். இந்தத் தடவை அந்தப் பெண்ணின் புருவத்தில் ஒட்டியிருந்த பூவிதழ்கூடத் தெரிந்தது. "இப்ப போய்த் துன்னுங்க" என்றாள் பிள்ளைகளிடம். அந்த இடத்திலேயே அவள் காலில் விழுந்திருப்பேன். ஃபாதர் நின்றுகொண்டிருந்தார் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஸ்டூடியோவில் இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டியூஷன் முடிந்து வந்த மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், என்னைவிட உயரம்.

"இந்தப் புள்ள மொதல்ல அசஞ்சிட்டாளாப்பா?"

"இல்லம்மா. ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் நின்னா. மெழுகுவத்தியப் பாரு, சாயக்கூட இல்ல. லென்ஸ்தான் வேற."

அவள் குனிந்து இரண்டு மெழுகுவர்த்தியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கோபமாக, "அப்ப நானும் அசையல" என்றாள். "அன்னிலேருந்து நீ போட்டோ எடுக்கறப்பல்லாம் அசையக் கூடாதுன்னு மூச்ச அடக்கிகினு நிப்பேன்ப்பா. ஒவ்வொரு பர்த்டேக்கும்."

திரைக்குப் பின்னால் மிஷின் நின்றது. இத்தனை வருஷமும் என் பிள்ளையின் முகத்தைப் படம் பிடித்தவன் நான். அந்த அடக்கின மூச்சை ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை.