தொட்டிலம்மாவின் வெறும் மடி

வாசலில் பிள்ளையை வாங்கும்போதே உச்சந்தலையை முகர்ந்துவிடுவாள் தொட்டிலம்மா. முகர்ந்ததும் மூக்கைச் சுளித்து, "எண்ணெய மாத்திட்டீங்களா? பழசுதான் பிள்ளைக்கு ஒத்துக்கிட்டிருந்துச்சு" என்பாள். பெற்றவள் பதில் சொல்வதற்குள் பிள்ளை இவள் இடுப்பில் ஏறியிருக்கும். ஞாயிறு ஆராதனை முடியும்வரை தேவாலயத்தின் பக்கத்து அறையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. யாரும் கொடுக்கவில்லை, அவளாகவே இழுத்துப் போட்டுக்கொண்டது.

மற்ற நாட்களில் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். ஐம்பதைத் தாண்டியவள், பிள்ளை பிறக்கவில்லை. யாராவது உச்சுக் கொட்டினால், "எனக்கென்ன குறைச்சல்? வாரா வாரம் ஏழெட்டு பெத்துக்கிறேனே" என்று வாயை அடைத்துவிடுவாள். ஆனால் ஆராதனை முடிந்து தாய்மார்கள் கதவருகே வந்து நின்றதும், தோளில் கிடந்த பிள்ளை இவளை உதைத்துத் தள்ளிவிட்டு அங்கே தாவுமே, அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்பட்டமான பொறாமை. வயிறு எரியும். அதற்கு அவள் கைவசம் ஒரு மருந்து உண்டு.

"அழுதானாக்கா?"

"எங்க அழுதான்! உங்கள ஒரு தரம்கூடத் தேடலியே."

தொண்டை கட்டுமளவுக்கு 'அம்மா, அம்மா' என்று கத்தித் தீர்த்த பிள்ளைக்கும் இதே பொய்தான். தாயின் முகம் லேசாக வாடும். இவளுக்கு அன்றைய சாப்பாடு நன்றாக இறங்கும்.

தாய்மார்களிலேயே அவளுக்கு ஆகவே ஆகாதவள் பல் டாக்டர். டாக்டரின் ஒன்றரை வயதுப் பையன்மேல்தான் தொட்டிலம்மாவுக்கு உயிர். மற்றதெல்லாம் 'டேய்', 'ஏய்' என்றால் அவன் மட்டும் 'ராசா'. அவனைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் அவள் கை கொஞ்சம் தாமதிக்கும்.

அன்னையர் ஞாயிறு வந்தது. போதகர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். "இன்னைக்குப் பிள்ளைங்க எல்லாம் அம்மா மடியிலயே இருக்கட்டும். வருஷம் பூரா பாத்துக்கிட்ட நம்ம அக்காவுக்கு இன்னைக்கு லீவு" என்று அறிவித்து ஒரு ரோஜாவும் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். தொட்டிலம்மா சிரித்து வைத்தாள். பல் டாக்டருக்கு நேர் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மடியில் ரோஜா கிடந்தது. அதை என்ன செய்வது, தட்டித் தூங்க வைப்பதா?

ஜெபம் தொடங்கியதும் ராசா சிணுங்கினான். சிணுங்கல் அழுகையாகி, அழுகை அலறலாயிற்று. டாக்டர் தோளில் போட்டாள், மடியில் கிடத்தினாள், சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாள். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவளுக்குச் சொந்தப் பிள்ளையின் வாயை மூட வைக்கத் தெரியவில்லையே என்று தொட்டிலம்மாவுக்குக் குளுகுளுவென்று இருந்தது. 'நல்லா அழு ராசா' என்று மனதுக்குள் தட்டிக்கொடுத்தாள். அது தூக்கத்துக்கு அழும் அழுகை. இடது காது மடலை இரண்டு விரலால் மெல்ல உருட்டினால் அடங்கிவிடுவான். இது அவளுக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் இதுவரை மூச்சு விட்டதில்லை.

முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. டாக்டர் கண் கலங்கிப் பின்பக்கம் திரும்பினாள். தொட்டிலம்மாவைக் கண்டதும் பிள்ளை இரண்டு கையையும் நீட்டினான்.

"நீங்களே வாங்கிக்கோங்கக்கா. என்கிட்ட இருக்க மாட்டேங்கறான். உங்களத்தான் தேடறான்."

எத்தனை நாளாகக் கேட்க ஏங்கிய வார்த்தை! தொட்டிலம்மா எழுந்தேவிட்டாள். ரோஜா காலடியில் விழுந்தது. பிள்ளையின் அக்குளில் கை கொடுத்தபோதுதான் டாக்டரின் முகத்தை அத்தனை பக்கத்தில் பார்த்தாள். வயிறு எரிந்தால் முகம் எப்படி இருக்கும் என்று இவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிள்ளையை மறுபடி டாக்டரின் தோளிலேயே சாய்த்தாள். அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து, இரண்டு விரலைப் பிள்ளையின் இடது காது மடலில் வைத்து, "மெதுவா உருட்டும்மா" என்று அதட்டினாள்.