ஆளில்லாமல் கிளம்பும் பஸ்

பஸ் முதலாளி மல்லப்பனுக்கு வெற்றிலை வியாபாரி சென்னிமலை நாற்பது ரூபாய் கடன்பட்டிருந்தார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர், தலைச்சுமையாக வெற்றிலை விற்றே மைசூரில் சொந்தக் கடை போட்டவர். கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்லுவார்.

யுத்த காலம். பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து ஓடிய மல்லப்பனின் பஸ், ஆள் நிறைந்தால்தான் நஞ்சன்கூடு சந்தைக்குக் கிளம்பும். புகையும் பனியும் கலந்து மிதக்கும் அந்தக் காலைகளில், வெற்றிலைக் கூடையோடு காத்திருக்கும் சென்னிமலை விழித்தபடியே கனவு காண்பார். மகாராஜா சர்க்காரின் பஸ் ஒன்று, ஏற ஒருவருமே இல்லாவிட்டாலும், மணியடித்ததும் மேகம்போல நகர்ந்து போகும்.

சர்க்காரே பஸ் ஓட்டக் கேட்டு மனு எழுதுவித்தார். முந்நூறு கைநாட்டு சேர்ந்தது. காத்திருந்து வாடிப்போன வெற்றிலைக் கட்டு ஒன்றையும் மனுவோடு சேர்த்துக் கட்டினார்.

"எந்த வக்கீலுக்குங்க இது தோணும்?" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

மனுவோடு சர்க்கார் கச்சேரிக்குப் புறப்பட்டவரை மல்லப்பன் மறித்தார்.

"என்ற காசுல யாவாரம் பண்ணி, என்ற பஸ்ஸையே புடுங்கப் பாக்கறயா? கடனத் தீர்த்துட்டு மனுவக் குடு. இல்லீன்னா கடைச் சாவியக் குடு!"

சென்னிமலை அடகுக்கடைக்குப் போனார். காதில் கடுக்கன் இல்லாமல் திரும்பி வந்தார்.

"கைய நீட்டுங்க மொதலாளி."

விரிந்த உள்ளங்கையில் நாற்பது ரூபாயையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.