முதலில் அவர், அப்புறம் மாடு

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாத அடைமழையில் நடந்தது இது. கடத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஏரிக்கரைக்கு நேர் கீழே இருக்கும் தெருவில் எங்கள் வீடு.

என் கணவர் லாரி ஓட்டியவர். விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அதற்கு முந்தைய வருஷ மழையில் ஏரி நிரம்பி, கரையில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. ஒன்றும் ஆகவில்லை என்றாலும் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கோடையில் தெருக்காரர்கள் எல்லோரும் மாரியம்மன் கோயில் முன்பு கூடினோம். கரை உடைந்தால் எந்த வழியாக மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போவது, நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்று பேசி முடிவெடுத்தோம். என் கணவரைத் தூக்கும் பொறுப்பை எதிர்வீட்டுத் தம்பதி ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைப்பவர்கள்.

"பேசினா மட்டும் பத்தாதுங்க, ஒரு தடவ தூக்கிப் பாத்துடலாம்" என்றார் எதிர்வீட்டுக்காரர். ஒருநாள் என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் சேர்த்துக் கட்டி, அவர்கள் இரண்டு பேரும் தூக்கினார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. பாதி வழியில் இறக்கி வைத்தபோது நாற்காலியின் கால் வளைந்துவிட்டது. இனிமேல் இரும்பு நாற்காலிதான் என்று அப்போதே முடிவு செய்தார்கள். என் கணவர் போகும்போதும் வரும்போதும் தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. "ஊரே வேடிக்கை பாக்க என்னைத் தூக்கிட்டுப் போவணுமா? தண்ணி வந்தா வரட்டும், நீ மட்டும் போயிடு" என்றார்.

தண்ணீர் வந்தது. இரவெல்லாம் விடாத மழை. விடிந்து பால் கறக்கும் நேரத்தில் கோயில் மைக்கில் குரல் கேட்டது. கரையைத் தண்ணீர் அரிக்கிறது, எல்லோரும் உடனே கிளம்புங்கள் என்றார்கள். அதற்குள் எங்கள் வாசல் நடையில் தண்ணீர் ஏறிவிட்டது. நான் அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்துப் பார்த்தேன். அசைக்க முடியவில்லை. "போ, போயிடு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது இரும்பு நாற்காலியோடு அவர்கள் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். எதிர்வீட்டுக் கொட்டகையில் மாடுகள் கத்துவது மழையையும் மீறிக் கேட்டது.

"மாட்டை அவுத்து வுட்டுட்டு வாம்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"மொதல்ல அண்ணனைக் கொண்டு போயிடலாங்க்கா. மாட்டை அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வேட்டியை இறுக்கிக் கட்டினாள்.

முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் பின்னால் நாற்காலியைத் தாங்கிப் பிடித்தேன். அந்தப் பெண் திரும்பித் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். ஆனாலும் நடை நிற்கவில்லை. பள்ளிக்கூட மேட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் கரை உடைந்தது. செம்மண் தண்ணீர் தெருவுக்குள் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். அவள் கணவர் கீழே ஓடப் பார்த்தார். நான்கைந்து பேர் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

எங்கள் தெருவில் ஒரு மனித உயிர்கூடப் போகவில்லை. தண்ணீர் வடிந்து நாங்கள் இறங்கியபோது, இரண்டு மாடுகளும் கட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்தன. எதிர்வீட்டுப் பெண் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்து இறுகிப்போன முடிச்சு கழலவில்லை. நான் போய்க் கூட உட்கார்ந்தேன்.

"எங்க வூட்டுக்கு வராம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"வராம எப்பிடிங்க்கா? அன்னிக்கு எல்லாரும் உக்காந்து பேசினோமில்ல" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த கோடையில் தெரு மறுபடி கூடியது. வெளியே வரவே கூசும் என் கணவர், தன்னை அங்கே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். "ஆளுங்களைப் பத்தி எல்லாம் பேசினோம். மாட்டை யாரு அவுக்கறதுன்னு யாருமே பேசலீங்களே" என்றார். மழை வலுத்தாலே முதல்வேலையாக மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும் என்று அன்று முடிவானது. எதிர்வீட்டுக் கொட்டகை என் பொறுப்பு. இப்போது அங்கே மறுபடியும் ஒரு மாடு நிற்கிறது.

காலையில் என் கணவர் ஜன்னலோரம் சாய்ந்து காபி குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், எதிர்வீட்டுக்காரர்கள் தங்களுடையதை இழந்து எங்களுக்குக் கொடுத்த நாட்களில் இந்த நாளும் ஒன்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.