இருக்கலாம் அண்ணா

ஒரு நிரபராதியின்மீது நான் பழி போட்டேன். பொய்ச்சாட்சி சொல்லவில்லை, எங்கும் கையெழுத்துப் போடவில்லை. ஒரே ஒரு சொல் சொன்னேன். அது ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிளந்துவிட்டது. நான் இன்னும் குற்றவியல் படித்துக்கொண்டிருக்கிறேன்!

சிரிக்கிறீர்களா? சிரித்தாலும் பரவாயில்லை... யாரிடமாவது சொல்லியாக வேண்டும். என் கத்தோலிக்கத் தோழி ஏதாவது செய்துவிட்டால் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு லேசாகத் திரும்பி வருகிறாள். எங்கள் சபையில் அந்த ஏற்பாடு இல்லை. கர்த்தரிடம் நேரடியாகச் சொல் என்பார்கள். சொன்னேன். ஆனால் அவருக்குத்தான் முன்பே தெரியுமே! தெரியாத ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் உங்களிடம்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரி. குற்றவியலும் சமூகவியலும் சேர்ந்த இளங்கலைப் படிப்பு. இரண்டாம் ஆண்டில், சிறை சென்று திரும்பிய ஒருவரைப் பேட்டி கண்டு கட்டுரை எழுத வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் ஆள் கிடைத்துவிட்டது. நான் பெருங்களத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்பில், மாதச் சம்பளக்காரர்களுக்கு நடுவே, குற்றவாளிக்கு எங்கே போவேன்? என் ஏக்கத்தைப் பாருங்கள்... ஒரு குற்றவாளி கிடைக்க மாட்டாரா என்று தவித்தேன்!

எங்கள் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருந்த ஏழுமலை அண்ணாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கியோ தேடிகினு கீறியே... நானே உள்ள போய்ட்டு வந்தவன் தாம்மா."

பத்தொன்பது வயதில், நண்பன் திருடிய பைக்கை ஓட்டிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டவர். எட்டு மாதம் சிறை. "என் வூட்டுக்காரிக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும். இப்ப உனுக்கு. வெளிய வராம பாத்துக்கோ கண்ணு" என்றார். வராது அண்ணா என்றேன். ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்தையும் வாங்கினேன்.

பெயரை மாற்றினேன். இஸ்திரிக்காரரைத் தையல்காரர் ஆக்கினேன். பெருங்களத்தூரை ஆவடி ஆக்கினேன். ஆனால் பேட்டி கொடுப்பவரின் வாய்மொழியில் கை வைக்கக் கூடாது, சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது எங்கள் பாடம். ஏழுமலை அண்ணா தேய்த்த துணியைக் கொடுக்கும்போதெல்லாம் "மடிப்பு கலையாம எட்துகினு போ" என்பார். எங்கள் குடியிருப்பில் குழந்தைகள்கூட அவரைப் போலவே அதைச் சொல்லிக் காட்டுவார்கள். பேட்டியிலும் சொன்னார்: "உள்ள போய்ட்டு வந்தவன் மிச்ச வாழ்க்கைய மடிப்பு கலையாம எட்துகினு போவணும்மா." எனக்குப் புல்லரித்துவிட்டது! அதையே கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தேன்.

துறை இதழில் கட்டுரை வந்தது. பேராசிரியை பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நானே அதைப் போட்டேன்... ஆமாம், நானே! கைதட்டல்கள் குவிந்தன. சற்று நேரத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் சங்கச் செயலாளர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "இது நம்ம ஏழுமலை பேசற மாதிரி இருக்கேம்மா?"

பதறிப்போய்க் குழுவிலிருந்து கட்டுரையை அழித்தேன். அழித்ததே அவருக்குப் பதிலாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். "தப்பா நெனைக்காத ஏழுமலை. பசங்க இருக்கிற இடம். விஷயம் எங்க காதுக்கு வந்துடுச்சு" என்று மட்டும் செயலாளர் சொன்னாராம். யார் மூலம் வந்தது என்று சொல்லவில்லை. என் அம்மாவிடம் வந்து, "உங்க பொண்ணு பேரு வெளிய வராது டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனார். ஏழுமலை அண்ணாவுக்கு நான் செய்யத் தவறியதை எனக்கு அவர் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தார்!

மறுநாள் காலை கல்லூரிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். ஏழுமலை அண்ணா வண்டியில் சாமான்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"உன்ன நான் சந்தேகப்படுவனாம்மா? நீ பேப்பர்ல கையெய்த்து வாங்கிகினு செஞ்ச பொண்ணு. எனக்கு என் மச்சான் சேகர் மேல தான் டவுட்டு. அவன் இங்க தண்ணி கேன் போட வரான் இல்ல? போன வாரம் செகரட்ரியாண்ட நின்னு சிரிச்சி பேசிகினு இருந்தான். அவனா தான் இருக்கும். இன்னா சொல்ற?"

நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள். தெரியும்.

எங்கள் பேராசிரியைக்கு எதையும் அறுதியிட்டு எழுதினால் பிடிக்காது. "இதுதான் காரணம்" என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்து, "இது காரணமாக இருக்கலாம்" என்று திருத்துவார். ஆய்வு செய்பவருக்கு அந்தச் சொல்தான் அழகு என்பார். இரண்டு ஆண்டுகளில் என் கைக்கும் நாக்குக்கும் பழகிப்போன சொல்.

"இருக்கலாம் அண்ணா" என்றேன்.

என் கட்டுரைகளில் அந்தச் சொல்லுக்குச் சந்தேகம் என்று பொருள். அவர் காதிலோ அது தீர்ப்பாக விழுந்தது. படித்த பெண்ணே சொல்லிவிட்டாளே! பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இல்லை... அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் சொன்னேன். பயம். வெறும் பயம். அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கும் அந்தப் பார்வைக்குப் பயந்து, முகம் மட்டும் தெரிந்த ஒருவரைக் காட்டிக்கொடுத்தேன்.

வண்டி கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டது. அவருக்கும் சேகருக்கும் பேச்சு நின்றுபோனது. சேகர் இன்றும் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேன் கொண்டுவருகிறார். "இன்னா தப்பு பண்ணேன்னு கூட சொல்ல மாட்டேன்றாரும்மா என் தங்கச்சி புருசன்" என்று ஒருநாள் அம்மாவிடம் கண்கலங்கினார். நான் அறைக்குள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர்மீது சமூகம் எப்படிக் குற்றவாளி என்று முத்திரை குத்துகிறது... அதுதான் பாடம். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. நன்றாகவே எழுதினேன்!

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை ரயில் ஏறினேன். இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார முடியாது, கதவருகிலேயே நிற்பேன். ஒருமுறை ஊரப்பாக்கத்திலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். இன்னொரு முறை அவர் வண்டி கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை போனேன். தலையைக் குனிந்து ஒரு பள்ளிச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் ஓடி வந்துவிட்டேன்.

போன மாதம் அவர் மனைவி செல்வி அக்கா போன் செய்தார். மகளுக்குக் காதுகுத்து, நீ வந்தே ஆக வேண்டும் என்றார். என்ன சொல்லி மறுப்பது? போனேன்.

தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை பக்கத்து டீக்கடைக்காரர் மடியில் உட்கார்ந்திருந்தது. பழகாத மடி. ஊசியைக் காட்டுவதற்கு முன்பே அலறியது. செல்வி அக்கா என் அருகில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"எங்கண்ணன் காலைல பட்டுப்பாவாட எட்துகினு வந்துச்சும்மா. இவரு தெருமுனைலயே திருப்பி அனுப்ச்சிட்டாரு. பாவாடையக் கூட வாங்கல."

பந்தியில் ஏழுமலை அண்ணா என்னை முதல் இலையில் உட்கார வைத்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்: "இந்தப் பொண்ணு மட்டும் அன்னிக்கி சொல்லலன்னா, அந்தத் துரோகி மடில தான் எம்பொண்ண இன்னிக்கி குந்த வெச்சிருப்பேன்!"

இப்போது சொல், இப்போதாவது சொல்... நிமிர்ந்தேன். எதிரே செல்வி அக்கா, சாதக் கரண்டியோடு.

"இன்னாம்மா, ஒண்ணுமே சாப்பிடாம கீறியே" என்று இன்னும் கொஞ்சம் வைத்தார்.

சாப்பிட்டேன். ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.