முன்கண்ணாடிக்கு மேலே

கல்லூரியில் கன்ஸ்ட்ரக்டர் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு எங்கள் லாரி ஞாபகம் வந்துவிடும். புரோகிராமில் ஒரு ஆப்ஜெக்ட் உருவாகும்போதே அதற்கு வேண்டிய விவரங்களை நிரப்பிக் கொடுப்பது கன்ஸ்ட்ரக்டர். நாம் விவரம் தராமல் விட்டால், அதற்கென்று முன்பே எழுதி வைத்திருப்பதை நிரப்பிவிடும். மாணவர்களுக்கு இது புரியப் பாதி வகுப்பு ஆகும். எனக்கு ஒன்பது வயதிலேயே, புதுச்சத்திரத்தில், வயிற்றெரிச்சலோடு புரிந்துவிட்டது.

அதுவரை அடுத்தவர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, சொந்தமாக ஒன்று வாங்கி, பாடி கட்டப் பட்டறையில் விட்டிருந்தார். வண்டியின் நெற்றியில் பிள்ளையின் பெயரை எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். தம்பி பிறந்து ஆறு மாதம். பல்கூட முளைக்காதவன் பெயர் பம்பாய் வரை போகப்போகிறது என்று அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. முதலில் பிறந்தவள் நான். என் பெயரை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. தொட்டிலை ஆட்டச் சொன்னபோது வேண்டுமென்றே வேகமாக ஆட்டினேன்.

பழைய முதலாளியின் லாரியில் லோடு ஏற்றப் புறப்பட்ட அப்பா, நான்காக மடித்த காகிதத்தை என் கையில் கொடுத்தார். “பெயிண்டர்கிட்டக் குடுத்துரு சாமி. என்னென்ன எழுதோணும்னு அதுல இருக்குது.”

வழியில் ஒரு மடிப்பைப் பிரித்தேன். முதல் வரியிலேயே தம்பி பெயர். அதற்குமேல் பார்க்கப் பிடிக்காமல் சுக்குநூறாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். அப்பா எதுவும் சொல்லவில்லை என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் சொல்லாதவர்களுக்கு அவர் வழக்கமாக எழுதுவதையே எழுதினார். நெற்றியிலும் ‘முருகன் துணை’, உள்ளேயும் ‘முருகன் துணை’.

திரும்பி வந்த அப்பாவிடம் காகிதம் தொலைந்துவிட்டது என்றேன். “போனாப் போச்சாது உடு. சாமி பேர அழிக்கக் கூடாது” என்று சிரித்தார். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன்கண்ணாடிக்கு மேலே எழுதியிருந்ததைப் பார்த்தவர், அதை விரலால் ஒருமுறை தடவினார். கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்தேன். ஆனால் திட்டு விழவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அன்று தொட்டிலை மெதுவாக ஆட்டினேன்.

பல வருடம் கழித்து, அந்த லாரியை விற்ற அன்று அப்பா பேச்சுவாக்கில் சொன்னார். “தம்பி பேரு முன்னால, ஊரு பாக்கறதுக்கு. உன்ற பேர உள்ள, கண்ணாடிக்கு மேல எழுதச் சொல்லியிருந்தேன். ஓட்டறப்ப எனக்குத் தெரியோணும்னு.”

அன்று நான் பிரித்தது ஒரே ஒரு மடிப்பு.